பயந்த நாய்தான் கடிக்கிறது: குட்டியைப் பழக்குவதில் நடப்பது என்ன?

2025ஆம் ஆண்டில் நாய்ச் செய்திகள் ஓயவே இல்லை. ஆகஸ்ட் 11 அன்று டெல்லி வட்டாரத் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 22ஆம் தேதி அதே நீதிமன்றம் அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. நவம்பர் 7இல் பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களிலிருந்து நாய்களை அகற்றச் சொன்னது. இதற்கிடையே கேரளத்தில் வெறிநாய்க்கடிச் சாவுகள். தடுப்பூசி போடத் தொடங்கிய பிறகும் ஒரு சிறுமி இறந்த செய்தி மே மாதம் வந்தபோது, மலைக்கு இந்தப் பக்கம், தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கிலும் மக்கள் கலங்கிப் போனார்கள்.

தெருநாயில் தொடங்கும் பேச்சு சீக்கிரமே வீட்டு நாயிடம் வந்துவிடுகிறது. கம்பம், கூடலூர், தேவாரம், போடி ஊர்க்காரர்கள் பலருக்கு இடுக்கி மலையில் ஏலத்தோட்டம் இருக்கிறது. வீட்டில் ஒரு நாய், தோட்டத்து ஸ்டோரில் (ஏலக்காயை உலர்த்தி வைக்கும் கட்டடம்) ஒரு நாய் என்று வைத்திருப்பார்கள். அந்த நாய் அந்நியனைக் கண்டால் பாய வேண்டும், வீட்டுக் குழந்தையைத் தொடக்கூடாது. இரண்டும் நியாயமான ஆசைகள். ஆனால் இதற்காக வழிவழியாகக் கையாளும் முறைகள் இரண்டையும் கெடுக்கின்றன: அடித்து அடக்குவது, பகல் முழுவதும் கட்டிப்போடுவது, ஆள் முகம் காட்டாமல் இருட்டில் வளர்ப்பது. தின்பண்டம் கொடுத்து அன்பாகப் பழக்கும் முறையைப் பற்றிக் கேட்டால், ‘அது பட்டணத்து வழக்கம், காவலுக்கு ஆகாது’ என்ற பதில்தான் வருகிறது. இது தவறான பதில். ஏன் தவறு என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

நாய் எப்படிக் கற்கிறது?

நாய் இரண்டு வழிகளில் கற்கிறது. எல்லாப் பயிற்சி முறைகளும் இந்த இரண்டுக்குள் அடங்கும்.

1. விளைவைப் பார்த்துக் கற்பது. 1898இல் எட்வர்ட் தார்ண்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் பூனைகளைக் கூண்டில் அடைத்து, வெளியே உணவு வைத்துச் சோதித்தார். தற்செயலாகத் தாழ்ப்பாளைத் தட்டி வெளியே வந்த பூனை, அடுத்தடுத்த முறை அதை மேலும் விரைவாகச் செய்தது. நல்ல விளைவைத் தந்த செயல் திரும்ப வரும், தராத செயல் தேயும். பின்னாளில் பி.எஃப். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் இதை விரிவாக வகுத்தார். செயலைப் பெருக்கும் விளைவுக்கு ‘வெகுமதி’ என்றும், செயலைக் குறைக்கும் விளைவுக்குத் ‘தண்டனை’ என்றும் இந்தக் கட்டுரையில் பெயர் வைத்துக்கொள்வோம். எது வெகுமதி என்பதை முடிவு செய்வது நாய்தான். வயிறு நிறைந்த குட்டிக்குப் பிஸ்கெட் வெகுமதி ஆகாது. மேலே தாவும் குட்டியைக் கத்தித் தள்ளிவிடுவதுகூட, கவனத்துக்கு ஏங்கும் குட்டிக்கு வெகுமதி ஆகிவிடும்.

2. இணைத்துக் கற்பது. ரஷ்ய உடலியலாளர் இவான் பாவ்லவ் நாய்களின் செரிமானத்தை ஆராய்ந்து 1904இல் நோபல் பரிசு பெற்றவர். உணவுக்கு முன் வரும் ஓர் ஒலிக்கே நாய்க்கு உமிழ்நீர் சுரப்பதை அவர் காட்டினார். இங்கே நாய் எதையும் ‘செய்ய’வில்லை. ஒன்றை அடுத்து இன்னொன்று வருவதை அதன் உடம்பு பதிந்துகொள்கிறது. பயமும் பாசமும் இந்த வழியில்தான் ஏறுகின்றன. கடிக்கும் நாய் உருவாவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வழியில். வீட்டுக்காரர் முதல் வழியை மட்டும் மனத்தில் வைத்து அடிக்கிறார், நாயோ இரண்டாம் வழியிலும் கற்றுக்கொண்டே இருக்கிறது.

‘எஜமான்’ என்ற கற்பனை

அடித்து வளர்க்க வேண்டும் என்பதற்கு அறிவியல் சாயம் பூசும் ஒரு வாதமும் உலவுகிறது. நாய் ஓநாயின் வழிவந்தது, ஓநாய்க் கூட்டத்தில் தலைவன் மற்றவற்றை அடக்கி ஆளும், எனவே நாயைப் புரட்டிப் போட்டு அழுத்தி நீங்கள்தான் தலைவன் என்று காட்டுங்கள் என்பார்கள். இதற்கு மூலம் ருடால்ஃப் ஷெங்கல் என்ற விலங்கு நடத்தை ஆய்வாளர் 1947இல் எழுதிய ஆய்வு. அவர் பார்த்தது விலங்குக்காட்சிச் சாலையில், உறவில்லாத ஓநாய்களை ஒரே அடைப்பில் போட்டு வைத்திருந்த கூட்டத்தை. காட்டில் பல்லாண்டுகள் ஓநாய்களைக் கவனித்த டேவிட் மெக், தானே முன்பு பரப்பிய ‘தலைவன்’ கருத்தை 1999இல் திருத்தி எழுதினார். காட்டு ஓநாய்க் கூட்டம் ஒரு குடும்பம்: தாய், தந்தை, அவற்றின் குட்டிகள். அங்கே பதவிக்கு அடிதடி இல்லை, பெற்றோர் நடத்துகிறார்கள், பிள்ளைகள் பின்தொடர்கிறார்கள். ஆக, குட்டியை மல்லாக்கப் போட்டு அழுத்துவதற்கு ஓநாயிடமும் முன்மாதிரி கிடையாது.

அடி உண்மையில் என்ன செய்கிறது?

அடித்தால் அந்த நேரத்துக்கு நாய் நிறுத்திவிடும். அதுதான் அடியின் கவர்ச்சி. அதற்குக் கொடுக்கும் விலை பிறகுதான் தெரியும்.

1. நேரம் தப்புகிறது. செயலுக்கும் விளைவுக்கும் இடையே ஓரிரு விநாடிகள் போனாலே இணைப்பு தளர்ந்துவிடும். காலையில் நடுக்கூடத்தில் ஈரத்தைக் கண்டு, குட்டியை இழுத்து வந்து மூக்கைத் தேய்த்தால், அது இரவு செய்ததற்கான தண்டனை என்று குட்டிக்குத் தெரிய வழியில்லை. தரையில் ஈரமும் இருந்து, ஆளும் இருந்தால் அடி விழும் என்றுதான் கற்கிறது. அடுத்த முறை கட்டிலுக்கு அடியில் போய் இருக்கும். ‘தப்பு தெரிந்துதான் ஒளிகிறது’ என்கிறோம். குனிந்த தலை, ஒடுங்கிய வால், ஒதுங்கும் பார்வை எல்லாம் பயத்தின் அடையாளங்கள்.

2. மாற்று வழி சொல்லப்படவில்லை. செருப்பைக் கடிக்காதே என்று அடிக்கலாம். எதைக் கடிக்கலாம்? பல் முளைக்கும் குட்டி எதையாவது கடித்தே தீரும்.

3. பயம் ஆள்மீது ஒட்டிக்கொள்கிறது. இதுதான் எல்லாவற்றிலும் கொடியது. வாசலில் அந்நியர் வருகிறார், குட்டி குரைக்கிறது, வீட்டுக்காரர் சங்கிலியைச் சுண்டி இழுத்து ஒரு போடு போடுகிறார். இப்படிச் சில முறை நடந்தால், அந்நியர் வந்தால் கழுத்து வலிக்கும் என்று பாவ்லவ் காட்டிய வழியில் நாயின் உடம்பு முடிவு கட்டுகிறது. முதலில் வெறும் ஆவலில் குரைத்த குட்டி, ஆறு மாதத்தில் தபால்காரரைப் பார்த்ததும் சங்கிலி அறுபடத் துள்ளுகிறது. அதைக் கண்டு இன்னும் அடி விழுகிறது.

4. எச்சரிக்கை அழிகிறது. நாய் எடுத்த எடுப்பில் கடிப்பது அரிது. சோறு தின்னும் நாயைக் கட்டிப்பிடிக்க ஒரு குழந்தை குனியும் காட்சியைக் கூர்ந்து பாருங்கள். முதலில் நாய் மெல்லுவதை நிறுத்தும். உடம்பு விறைக்கும். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரத்துக்கு ஓட்டும், அப்போது கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரியும். நாக்கு ஒருமுறை மூக்கைத் தடவும். காது பின்னால் ஒட்டும். அதன் பிறகுதான் உறுமல். உறுமியதற்கு அடி வாங்கிய நாய், அடுத்த முறை உறுமலை விட்டுவிடும், பயத்தை விடாது. அப்புறம் நடக்கும் கடியைப் பற்றி ‘திடீரென்று கடித்துவிட்டது, ஒரு சத்தமும் போடவில்லை’ என்று சொல்வார்கள். அந்தச் சத்தத்தை அடித்து நிறுத்தியது நாம்தான்.

போர்ச்சுகலில் பயிற்சிப் பள்ளிகளுக்கு வந்த 92 வீட்டு நாய்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2020இல் வெளியானது. சுண்டி இழுத்தும் அதட்டியும் பழக்கிய பள்ளிகளின் நாய்களுக்குப் பயிற்சியின்போது பதற்ற அறிகுறிகள் கூடுதல், பயிற்சி முடிந்தபின் உமிழ்நீரில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனும் கூடுதல். வெகுமதிப் பள்ளி நாய்களிடம் அப்படி இல்லை. மூர்க்கமான நாய் உட்பட எல்லா நாய்க்கும் வெகுமதி முறையையே பயன்படுத்த வேண்டும் என்று அமெரிக்காவில் விலங்கு நடத்தையை ஆராயும் கால்நடை மருத்துவர்களின் சங்கம் 2021இல் அறிவித்தது.

குட்டியின் பழகுபருவம்

பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டு, பதினான்காம் வாரம் வரை குட்டியின் மூளைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அந்தக் காலத்தில் நல்லவிதமாகச் சந்திப்பதை எல்லாம் ‘உலகம் இப்படித்தான் இருக்கும்’ என்று ஏற்றுக்கொள்ளும். அதன்பின் புதிதாக எது வந்தாலும் முதலில் ஐயப்படும். அமெரிக்காவில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் நடத்திய நீண்ட ஆய்வு 1965இல் இதை வகுத்துக் காட்டியது. பதினான்கு வாரம் வரை மனித முகமே பார்க்காமல் வளர்ந்த குட்டிகளைப் பிறகு மனிதரிடம் பழக்குவது மிகக் கடினமாக இருந்தது.

‘இருட்டில் வளர்த்தால் காவலுக்கு நிற்கும்’ என்ற நம்பிக்கையின் வினை இங்கேதான் இருக்கிறது. அப்படி வளரும் குட்டிக்கு எல்லா மனிதரும் அந்நியர், குடை பிடித்தவர் அந்நியர், ஓடும் குழந்தை அந்நியம். அதன் சீற்றம் வீரம் அல்ல, தப்பிக்க வழியற்ற நிலையில் வரும் பயம்.

இதற்குள் இரண்டு நடைமுறைச் சிக்கல்கள் இருக்கின்றன.

முதலாவது, குட்டியை எப்போது வாங்குவது? செவலை உடம்பும் கறுத்த முகவாயுமான கோம்பை என்ற நாட்டு நாய் இனத்துக் குட்டிக்கு நம் பக்கத்தில் எப்போதும் கிராக்கி உண்டு. கண் திறந்து நடக்கத் தொடங்கியதுமே, ஒரு மாதத்தில் தாயிடமிருந்து பிரித்து வாங்கிப் போகிறார்கள். நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பான 2017ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகள் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக்கூடாது என்கின்றன. இதற்குக் காரணம் இருக்கிறது. ஐந்து முதல் எட்டு வாரத்துக்குள் குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடும். அழுத்திக் கடித்தால் மற்றது கத்திக்கொண்டு விளையாட்டை நிறுத்திவிடும். கடியின் வலுவை அளந்து பிடிக்க நாய் கற்கும் முதல் பள்ளிக்கூடம் அதுதான். அதில் சேராத குட்டிக்கு அந்தப் பாடத்தை வீட்டுக் குழந்தையின் கை கற்பிக்க நேரிடும்.

இரண்டாவது, தடுப்பூசி. பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய நோய்களுக்கான ஊசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பதினாறு வாரம் வரை போடுகிறார்கள். ரேபிஸ் ஊசி மூன்றாம் மாதத்தில். எல்லா ஊசியும் முடியும்வரை வீட்டைவிட்டு வெளியே விடாதீர்கள் என்று சொன்னால், ஊசி முடியும்போது பழகுபருவமும் முடிந்துவிடும். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருப்பதும் உண்மை. இரண்டையும் சமாளிக்க வழி, குட்டியைத் தரையில் விடாமல் உலகைக் காட்டுவது. முதல் ஊசி போட்ட ஒரு வாரம் பத்து நாளுக்குப் பின், கையில் தூக்கிக்கொண்டோ கூடையில் வைத்தோ கடைத்தெருவைக் காட்டலாம். வீட்டுக்கு வருவோர் கையால் ஒரு துண்டு முட்டை கொடுக்கச் சொல்லலாம். தடுப்பூசி போட்ட, சாதுவான பெரிய நாய் உள்ள உறவினர் வீட்டுக்குக் கூட்டிப் போகலாம். பஸ் நிலையம், சந்தை, தெருநாய் படுக்கும் இடம் ஆகியவற்றில் தரையில் இறக்கக்கூடாது. அமெரிக்காவில் மூன்று வயதுக்கு உட்பட்ட நாய்களின் சாவுக்குத் தொற்றுநோயைவிட நடத்தைக் கோளாறே முதற்காரணம் என்று மேலே சொன்ன கால்நடை மருத்துவர் சங்கம் 2008இல் எழுதியது. அங்கே கருணைக்கொலை. இங்கே அத்தகைய நாயைச் சாக்கில் கட்டி எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள், அது தெருநாய்க் கணக்கில் சேருகிறது.

முதல் மாதப் பாடங்கள்

1. ஒன்றுக்கு, இரண்டுக்கு. இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோங்கள். போனதும் அங்கேயே, அந்த விநாடியே ஒரு துண்டு தின்பண்டம். வீட்டுக்குள் வந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குத்தான் வெகுமதி என்று எடுத்துக்கொள்ளும். மலையில் மழைக்காலம் பெரும் சோதனை. குமுளியிலோ வண்டன்மேட்டிலோ சாரல் விடாமல் பிடிக்கும் நாட்களில் குட்டி வெளியே காலே வைக்காது. ஸ்டோரின் தாழ்வாரத்தில், கூரைக்குக் கீழே, மண் நிரப்பிய ஒரு பலகைத் தட்டு வைத்துவிட்டால் அந்தச் சங்கடம் தீரும். வீட்டுக்குள் போய்விட்டால் பேசாமல் துடையுங்கள், வாசனை போகத் துடைக்க வேண்டும்.

2. கடி. 28 பால்பற்களும் ஊசிபோல இருக்கும். நான்காம் மாதத்தில் அவை விழத் தொடங்கி, ஏழாம் மாத வாக்கில் 42 பற்கள் நிறையும். கையைக் கடித்தால் கையை விலக்கிச் சில விநாடி எழுந்து நின்றுவிடுங்கள். விளையாட்டு நிற்பதே போதிய பாடம். உடனே கடிக்கத் தகுந்த ஒன்றைக் கொடுங்கள்: முடிச்சுப் போட்டு நனைத்த துணி, கெட்டியான ரப்பர். வேகவைத்த எலும்பு வேண்டாம், சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

3. அழைத்தால் வருவது. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வந்ததும் நல்லது நடக்க வேண்டும், ஒவ்வொரு முறையும். கூப்பிட்டுப் பிடித்து அடித்தால், குளிப்பாட்டினால், கட்டிப்போட்டால், ‘வா’ என்ற சொல் கெட்டுவிடும். அவற்றைச் செய்ய வேண்டுமானால் நீங்கள் நாயிடம் போங்கள்.

4. உட்காருவது. விரல் நகம் அளவுக்கு வெந்த ஈரல் துண்டை மூக்குக்கு நேரே பிடித்து, மெல்லத் தலைக்குப் பின்னால் நகர்த்துங்கள். மூக்கு மேலே போகப் போகப் பின்புறம் தானாகத் தரையைத் தொடும். தொட்ட அந்தக் கணம் ‘சபாஷ்’, அடுத்த கணம் துண்டு வாயில். முதுகை அழுத்த வேண்டாம். சில முறைக்குப் பின், கையில் துண்டு இல்லாமல் அதே சைகை காட்டி, உட்கார்ந்தபின் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுங்கள். வெகுமதிக்கும் லஞ்சத்துக்கும் உள்ள வேறுபாடு இந்த இடத்தில்தான்: லஞ்சம் முன்னால் காட்டப்படுவது, வெகுமதி செய்தபின் வருவது. சைகை படிந்த பிறகே சொல்லைச் சேர்க்க வேண்டும். தோட்டத்தில் முதலாளி ‘உட்கார்’ என்கிறார், கங்காணி மலையாளத்தில் ‘இரி’ என்கிறார், வடக்கேயிருந்து வந்த தொழிலாளி இந்தியில் ‘பைட்’ என்கிறார். எல்லாரும் கூடி ஒரே சொல்லை முடிவு செய்துகொண்டால் நாய்க்குப் பாதி வேலை குறையும்.

5. தனியே இருப்பது. குட்டி ஒரு நாளில் 18 மணி நேரத்துக்கு மேல் தூங்கும். தூக்கம் கெட்ட குட்டிதான் வெறிபிடித்தாற்போலத் துள்ளிக் கடிக்கும். அதற்கென ஒரு மூலை, ஒரு சாக்கு, யாரும் தொந்தரவு செய்யாத இடம் வேண்டும். குழந்தைகளுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லித்தர வேண்டும்: தூங்கும் நாயையும் தின்னும் நாயையும் தொடாதே.

வெகுமதிக்கு வெந்த முட்டை, கோழி, உப்பில்லாத வேர்க்கடலை போதும். திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. நாள் முழுக்கக் கொடுக்கும் துண்டுகளை அன்றைய தீனியில் கழித்துக்கொள்ளுங்கள்.

ஜீப்பைத் துரத்தும் நாய்

அதிகாலையில் கம்பமெட்டு, குமுளி, போடிமெட்டுச் சாலைகளில் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக மலையேறும். ஊர் நாய்கள் பின்னாலேயே ஓடும். இந்த வட்டாரத்தில் நாய் அடிபட்டுச் சாவதற்கும், இருசக்கர வண்டிக்காரர் விழுவதற்கும் இந்தத் துரத்தல் பெரிய காரணம். அடித்து நிறுத்த முயன்றால் ஜீப்பின்மேல் வெறுப்புதான் ஏறும். மேலே சொன்ன இணைத்துக் கற்கும் வழியை நம் பக்கம் திருப்ப வேண்டும்.

சாலையிலிருந்து நெடுந்தொலைவில், நாயை நீளமான கயிற்றில் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். ஜீப் வருவது நாய்க்குத் தெரிய வேண்டும், ஆனால் அது இன்னும் நிதானமாகத் தின்னும் நிலையில் இருக்க வேண்டும். ஜீப் கண்ணில் பட்டதும் ஈரல் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரட்டும். ஜீப் மறைந்ததும் கை மூடிக்கொள்ளட்டும். வரிசை முக்கியம்: முதலில் ஜீப், பிறகு ஈரல். மாறினால், ஈரலைக் கண்டாலே ஜீப் வரப்போகிறது என்று பதறக் கற்கும். நாய் துண்டை முகர்ந்துகூடப் பார்க்காமல் விறைத்து நின்றால் நீங்கள் மிக அருகே வந்துவிட்டீர்கள், பின்வாங்குங்கள். சில நாட்களில் ஒரு மாற்றம் தெரியும். எஞ்சின் சத்தம் கேட்டதும் நாய் சாலையைப் பார்க்கும், காது விடைக்கும், உடனே தலையைத் திருப்பி உங்கள் கையைப் பார்க்கும். அந்தத் தலைத் திருப்பல் கிடைத்தபின் கொஞ்சம் கொஞ்சமாக அருகே போகலாம். பட்டாசுக்கும் செண்டைமேளத்துக்கும் இதே முறைதான், ஒலியைச் சிறிதாகத் தொடங்கிப் பெருக்க வேண்டும்.

காவல் கெடுமா?

கெடாது. தன் எல்லைக்குள் வருவோரைப் பார்த்துக் குரைப்பது நாயின் பிறவிக் குணம். வளர்ந்து முதிரும்போது தானே வரும், அதிலும் கோம்பை போன்ற இனத்தில் நிறையவே வரும். குட்டிப் பருவத்தில் பலவகை மனிதரைப் பார்த்த நாய்க்குத்தான் வழக்கமான ஆள் யார், நடுஇரவில் வேலியேறுபவர் யார் என்ற வேறுபாடு தெரியும். எல்லாரையும் அஞ்சும் நாய்க்குக் காய் பறிக்க வந்த பெண்ணும் திருடனும் ஒன்றுதான். விமான நிலையங்களில் வெடிபொருள் தேடும் நாய்கள்கூடப் பந்தும் விளையாட்டும் வெகுமதியாகப் பெற்றுத்தான் அந்த வேலையைக் கற்கின்றன.

சங்கிலியைப் பற்றி ஒன்று. இரவில் தோட்டத்தில் கட்டிப்போட்ட நாய்க்குச் சிறுத்தை வந்தால் ஓட வழியில்லை. அடைப்புள்ள முற்றத்தில் அவிழ்த்துவிட்ட நாயே காவலுக்கும் நல்லது, அதன் உயிருக்கும் நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960, பிரிவு 11இன்படி நாயை அடிப்பதும், மிகக் குறுகிய அல்லது கனத்த சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதும் குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான், எனவே இந்தச் சட்டத்துக்கு அஞ்சி யாரும் மாறப்போவதில்லை. 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களை ஆபத்தானவை என்று தடுக்கச் சொன்னபோது, அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. இனத்தைப் பற்றிய இந்த விவாதத்தில், நாயை எப்படி வளர்த்தார்கள் என்ற கேள்வி அடிபட்டுப் போனது. எல்லை தாண்டுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கேரளத்தில் ஊராட்சிப் பகுதியில் நாய் வளர்க்க உரிமம் தேவை, அதற்கு ரேபிஸ் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். தமிழ்நாட்டில் போட்ட ஊசியின் அட்டையைத் தோட்டத்திலேயே வைத்திருங்கள்.

குட்டி கடித்தால்

வீட்டுக் குட்டிதானே என்று விடக்கூடாது. ரேபிஸ் ஊசி போடாத குட்டியிடமிருந்தும் நோய் வரும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் எதுவும் வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தம் வந்த கடிக்கு ஊசி மட்டும் போதாது, காயத்துக்குள்ளேயே இம்யூனோகுளோபுலின் என்ற நோய் எதிர்ப்புப் புரதத்தைச் செலுத்த வேண்டும். ஊசியின் பலன் உடம்பில் உருவாகச் சில நாள் ஆகும், அதுவரை கிருமியைத் தடுப்பது அதுதான். தலை, முகம், கைபோல நரம்பு நிறைந்த இடத்தில் ஆழமான கடி பட்டால் கிருமி விரைவாக நரம்பேறிவிடலாம். ஊசி போட்டும் சிலர் இறக்கும் செய்திகளுக்குப் பின்னால் இருக்கக்கூடிய காரணங்களில் இது முக்கியமானது. அதனால் ஊசியே வீண் என்று முடிவு கட்டுவது பேராபத்து.

ஆறாம் மாதத்துக்குப் பின்

ஆறு மாதம் முதல் ஒன்றரை வயதுவரை நாய்க்கு விடலைப் பருவம். நன்றாகக் கற்ற நாய் திடீரென்று கூப்பிட்டால் வராது, பழைய பயங்கள் திரும்பும், வேலியோரம் மோப்பம் பிடித்துக்கொண்டு நிற்கும். பலர் பொறுமை இழந்து கம்பை எடுப்பது இந்தக் கட்டத்தில்தான். பாடத்தை முதலிலிருந்து, சத்தமில்லாத இடத்தில், மறுபடி தொடங்குங்கள். வெகுமதியை நிறுத்தியிருந்தால் மீண்டும் தாராளமாகக் கொடுங்கள். நடத்தை சீரான பின் எப்போதாவது ஒருமுறை என்று எதிர்பாராமல் கொடுத்தால் பழக்கம் இன்னும் உறுதிப்படும்.

சாதுவாக இருந்த நாய் ஓரிரு நாளில் சிடுசிடுப்பாக மாறினால் பயிற்சியை விட்டு உடம்பைப் பாருங்கள். காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா, காய்ச்சல் அடிக்கிறதா, ஈறு வெளுத்திருக்கிறதா? மழைக்கால ஏலக்காட்டில் ஓடும் நாய் அடிக்கடி தும்மி, ஒரு மூக்குத் துளையில் மட்டும் ரத்தம் கசிந்தால், உள்ளே அட்டை ஏறியிருக்கலாம். கையால் பிடுங்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.